பயிலரங்கில் யார் உட்காருகிறார்கள்? ரஃபர்ட் மானியம் பற்றி என் மதிப்பீடு

இயற்கைப் பாதுகாப்புக்கான மானியம் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு தருவார்கள்?" என்பதைத்தான். எனக்கு அது மூன்றாவது கேள்வி. பயிலரங்குக்கு முன்பே பணம் கைக்கு வருமா என்பது முதல் கேள்வி. வலையைக் கரையில் போட்டுவிட்டு இரண்டு நாள் வந்து உட்காரும் மீனவருக்கு, இழந்த வருமானத்தை அந்தப் பணத்திலிருந்து ஈடுகட்ட முடியுமா என்பது இரண்டாவது. பிரிட்டனிலிருந்து இயங்கும் ரஃபர்ட் அறக்கட்டளையின் சிறு மானியம் இந்த இரண்டு கேள்விகளிலும் எனக்குத் தேறியது. அதனால்தான் இதை உட்கார்ந்து விரிவாக எழுதுகிறேன். பாக் விரிகுடாக் கரையோரம் ஒரு சிறிய அறக்கட்டளையில் வேலை செய்கிறேன். ஆவுளியா என்று எங்கள் கடற்கரை மக்கள் சொல்லும் கடல்பசுவும், அது மேயும் கடற்புல் படுகைகளும்தான் எங்கள் வேலை.

பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடல்பசுவுக்கென அமைந்த முதல் பாதுகாப்பகம் அது. அறிவிப்பு வந்த நாளிலிருந்து கரையில் ஒரே பேச்சுத்தான்: "இனி இங்கே வலை விட விடுவார்களா?" சட்டப்படி இது தேசியப் பூங்கா அல்ல. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பகத்தை அறிவிப்பதற்கு முன் உள்ளூர் மக்களைக் கலந்துபேச வேண்டும். அதன் நிர்வாகக் குழுவில் ஊராட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு. இதை ஒரு துண்டறிக்கையில் அச்சிட்டுக் கொடுத்தால் யாரும் நம்பமாட்டார்கள். நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினால்தான் நம்பிக்கை வரும்.

அந்தப் பேச்சு தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம் ஆகிய மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து நடக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஆவுளியாவுக்கு மாவட்ட எல்லை தெரியாது. மல்லிப்பட்டினத்துக்கு எதிரே மேயும் விலங்கு தொண்டிப் பக்கமோ தேவிபட்டினப் பக்கமோ போனால் அது ராமநாதபுரம் மாவட்டக் கடல், பாதுகாப்பகத்துக்கு வெளியே. செவுள்வலையில் சிக்கினால் அதனால் மேலே வந்து மூச்சு விட முடியாது, மூழ்கி இறந்துவிடும். உடனே பார்த்து அறுத்து விடும் மீனவர் ஒருவர் இருந்தால் பிழைத்துக்கொள்ளும். அப்படி விடுவித்தவர்களுக்கு வனத்துறை வெகுமதி தருவது உண்டு. ஆனால் விடுவித்த அனுபவம் உள்ளவர் ஓர் ஊரில் இருக்கிறார். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று பஸ் தள்ளி வேறோர் ஊரில் இருக்கிறார்.

தேதி குறிப்பது அதைவிடப் பெரிய சிக்கல். பாக் விரிகுடாவில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. ஒருவரின் ஓய்வு நாள் மற்றவரின் தொழில் நாள் என்றால், இரண்டு தரப்பையும் ஒரே கூடத்தில் உட்கார வைப்பது எப்படி? வழி ஒன்றுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். அந்த நாட்களில் நாட்டுப்படகு மீனவருக்கு மட்டும் ஈட்டுத்தொகை கொடுத்தால் போதும், எல்லோரும் வந்துவிடுவார்கள்.

இந்த ஒரு விஷயத்தில்தான் உள்நாட்டு மானியங்கள் எங்களைக் கைவிட்டன. கருத்தரங்கு, பயிலரங்குகளுக்கு உதவும் அமைப்புகள் இங்கே இல்லாமல் இல்லை. தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் தருகிறது. நபார்டின் ஆய்வு வளர்ச்சி நிதியில் வழி இருக்கிறது. பெயர் சொல்ல விரும்பாத வேறோர் அரசு அமைப்பின் பணத்தில், ஒரு கல்லூரியோடு சேர்ந்து நாங்கள் முன்பு ஒரு பயிலரங்கு நடத்தினோம். நிதியாண்டுக் கணக்கு என்பதால் மார்ச் 31க்குள் செலவு முடிந்து, பயன்பாட்டுச் சான்றிதழை அதற்குரிய ஜிஎஃப்ஆர் (மத்திய அரசின் பொது நிதி விதிகள்) 12-ஏ படிவத்தில் அனுப்ப வேண்டும். தடைக்காலமோ ஏப்ரல் 15க்குத்தான் தொடங்குகிறது. மார்ச் மாதத்தில் படகு கட்டிவிட்டு யார் வருவார்கள்? கூடம் நிறைய மாணவர்கள், மேடை நிறையப் பேராசிரியர்கள். துணிப்பை, நினைவுப் பரிசு, சால்வை, ஆய்வுச் சுருக்கத் தொகுப்பு எல்லாவற்றுக்கும் அனுமதிக்கப்பட்ட செலவினத் தலைப்பு இருந்தது. மீனவரின் கூலிக்குத் தலைப்பு இல்லை. வந்திருந்த சில மீனவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போய்விட்டார்கள். நாங்கள் கைப்பணம் போட்டு நடத்திய அந்த நிகழ்ச்சிக்கு மானியத்தின் இரண்டாவது தவணை அடுத்த ஆண்டின் பிற்பகுதியில்தான் வந்து சேர்ந்தது. அந்தப் பயிலரங்கின் அறிக்கை மிக அழகாக அச்சானது. அதை வைத்துக் கடலில் ஒரு ஆவுளியாவைக்கூடக் காப்பாற்ற முடியாது என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

இனி ரஃபர்ட். இது பெரிய தொகை அல்ல. சில ஆயிரம் பவுண்டு. முதல் மானியத்தை ஒழுங்காக முடித்தவர்கள் இரண்டாவது மானியம், பிறகு பூஸ்டர், கடைசியில் நிறைவு மானியம் என்று படிப்படியாக மேலே போகலாம். வளரும் நாடுகளில் களத்தில் வேலை செய்யும் தனிநபர்களையும் சிறு குழுக்களையும் மனத்தில் வைத்து வகுத்த திட்டம். எங்கள் பங்காக இவ்வளவு போட வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. செலவு செய்து ரசீதைக் காட்டிய பிறகு திருப்பித் தரும் முறையும் இல்லை. எங்களைப் போன்ற, வங்கியில் கையிருப்பு இல்லாத அமைப்புக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, சமையல்காரருக்கு முன்பணம் கொடுக்க நகையை அடகு வைத்தவர்களுக்குத் தெரியும்.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். "பயிலரங்கு நடத்தப் பணம் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் இந்த மானியம் கிடைக்காது. மானியத்தின் பெரும்பகுதி களப்பணிக்குப் போக வேண்டும் என்பது அவர்கள் விதி. மாநாடுகளுக்குப் போய்வர, வெறும் கருவி வாங்க, பாதுகாப்புப் பயன் எதுவும் இல்லாத ஆய்வுக்கு என்றெல்லாம் தரமாட்டார்கள். ஏற்கெனவே ரஃபர்ட் மானியம் பெற்றவர்கள் தங்கள் நாட்டில் கூடிப் பேசும் மாநாடுகளுக்கு அறக்கட்டளை தனியே உதவுகிறது. அது வேறு கதவு, புதியவர்களுக்கானது அல்ல. ஆகவே எங்கள் விண்ணப்பத்தில் பயிலரங்கு ஓராண்டுக் களப்பணியின் நடுவில் வந்தது. முதலில் ஊர் ஊராகப் போய், எந்த வலையில் எந்தப் பருவத்தில் ஆவுளியா சிக்குகிறது என்று கேட்டுத் தொகுத்தல். பிறகு மூன்று மாவட்ட மீனவரும் கூடி அதைச் சரிபார்க்கும் பயிலரங்கு. அதற்குப் பின் அங்கே எடுத்த முடிவுகளோடு மறுபடி ஊர்களுக்குப் போதல். இந்த விதி முதலில் எரிச்சலைத் தந்தாலும், பயிலரங்குக்கு நல்லதே செய்தது. கேட்கவும் சொல்லவும் ஒன்றும் இல்லாமல் கூட்டப்படும் கூட்டங்களை இது தொடக்கத்திலேயே வடிகட்டிவிடுகிறது.

விண்ணப்பப் படிவம் இணையத்தில் இருக்கிறது. நேர்மையான படிவம் என்றுதான் சொல்வேன். என்ன செய்யப் போகிறீர்கள், ஏன், யார் பயன்பெறுவார்கள், ஒவ்வொரு செலவும் எதற்கு என்று நேரடியாகக் கேட்கிறார்கள். ஆலோசகருக்குக் காசு கொடுத்து எழுதி வாங்க வேண்டிய மொழி அங்கே தேவையில்லை. உங்கள் வேலையை அறிந்த மூன்று பேரின் பரிந்துரை வேண்டும். பெரிய பதவிக்காரர்களைத் தேடி அலையாதீர்கள்; உங்களோடு களத்தில் நின்றவர்களைக் கேளுங்கள். எங்களைப் பற்றி நன்கு அறிந்த கடல் உயிரியலாளர் ஒருவர் எழுதிய கடிதத்தில், மழைக்காலத்தில் நாங்கள் கரையொதுங்கிய விலங்கை எப்படி அளந்து பதிவு செய்தோம் என்று இருந்தது. அதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

குறை என்று பார்த்தால், எல்லாமே ஆங்கிலத்தில். சேதுபாவாசத்திரத்து நாட்டுப்படகு மீனவர் சங்கம் தானே விண்ணப்பிக்க நினைத்தால் முடியாது. எங்களைப் போன்ற யாராவது நடுவில் நிற்க வேண்டும். கடலைப் பற்றி எங்களைவிட அதிகம் தெரிந்தவர்கள் அவர்கள். அவர்கள் பெயரில் பணம் வராமல் எங்கள் பெயரில் வருவது நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இது ரஃபர்டுக்கு மட்டும் உரிய குறையும் அல்ல. நான் பார்த்த வெளிநாட்டு மானியங்கள் எல்லாவற்றிலும் இதே நிலைதான்.

நம் நாட்டில் இந்த மானியத்தின் உண்மையான கஷ்டம், கிடைத்த பிறகுதான் தொடங்குகிறது. தனிநபரும் விண்ணப்பிக்கலாம் என்று ரஃபர்ட் சொல்வதை நம்பி, தன் சொந்த சேமிப்புக் கணக்கைக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கும் இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது எஃப்சிஆர்ஏ 2010, இங்கே குறுக்கே நிற்கிறது. அதன் கீழ் பதிவோ முன்அனுமதியோ பெற்ற அமைப்பு வழியாகவே பணம் வர வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பணம் முதலில் புதுதில்லி எஸ்பிஐ முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் விழும். அங்கிருந்துதான் உள்ளூர்க் கணக்குக்கு மாற்ற முடியும். நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஓர் அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தரக் கூடாது.

இந்தக் கடைசி விதியின் விளைவை அனுபவித்தால்தான் புரியும். எங்களுக்கு எஃப்சிஆர்ஏ பதிவு இல்லை. பதிவுள்ள அமைப்பு பணத்தை வாங்கி எங்களிடம் கொடுக்க முடியாது. தானே செலவு செய்ய வேண்டும். ஆக, நாங்கள் நடத்தும் பயிலரங்கின் மண்டப வாடகை, மைக் செட், சாப்பாடு, வேன் எல்லாவற்றுக்கும் பில் அவர்கள் பெயரில். பந்தல்காரருக்கு எங்களை இருபது வருடமாகத் தெரியும். அவர் எழுதும் பில்லில் மட்டும் அவர் கேள்விப்பட்டிராத ஒரு பெயர். பங்காளி அமைப்பைத் தேடியபோது, பெயர்பெற்ற தொண்டு நிறுவனம் ஒன்று மானியத்தில் கால் பங்கைத் தங்கள் அலுவலகச் செலவுக்குக் கேட்டது. சிறு மானியத்தில் கால் பங்கு போனால் மீனவரின் கூலிதான் முதலில் வெட்டுப்படும். நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டோம். கடைசியில் எங்களை ஏற்றுக்கொண்ட அமைப்பு கணக்காளரின் உழைப்புக்கு உரியதை மட்டும் எடுத்துக்கொண்டது. விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே இந்தப் பேச்சை முடித்து, ஒப்பந்தத்தைக் காகிதத்தில் வாங்கிவிடுங்கள்.

அந்தக் கணக்காளர் கறாரானவர். நாட்டுப்படகு மீனவருக்கு நாளொன்றுக்கு 700 ரூபாய் என்று நான் எழுதியிருந்ததை எடுத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார். "இது சம்பளமா, பயணப்படியா, நன்கொடையா? தணிக்கையாளர் கேட்டால் நான் என்ன சொல்வது?" என்றார். தொழில் இழப்பு ஈடு என்று ஒரு தலைப்பு போட்டு, எப்படிக் கணக்கிட்டோம் என்று ஒரு பக்கக் குறிப்பும் எழுதினோம். ஊர்ச் சங்கத் தலைவரின் கையொப்பம், வருகைப் பதிவேடு, ஆளுக்கொரு வவுச்சர். ரஃபர்டுக்கு அனுப்பிய செலவுத் திட்டத்திலேயே அந்த வரி தனியாக, வெளிப்படையாக இருந்தது. அது அப்படியே ஏற்கப்பட்டது. இரண்டாம் நாள் மாலை, மண்டபத்து வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் கொடுத்தோம். கட்டுமாவடியிலிருந்து வந்த ஒரு பெரியவர் மை தடவிய கட்டைவிரலை வவுச்சரில் அழுத்தி எடுத்துவிட்டு, தொகையை இரண்டு முறை எண்ணினார். "கூட்டத்துக்கு வந்ததற்குக் காசு வாங்குவது இதுதான் முதல் தடவை, அம்மா. இத்தனை நாள் நாங்கள்தான் காசு செலவழித்து வருவோம்" என்றார். பல கூட்டங்களில் அவர் பேசிய தகவலை வைத்துப் பலர் கட்டுரை எழுதியிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

பெண்களுக்காக வைத்த தொகையையும் சொல்ல வேண்டும். நண்டுக் கம்பெனியில் சதை எடுக்கும் பெண்களும் கருவாடு போடும் பெண்களும் கைக்குழந்தையோடுதான் வருவார்கள். பக்கத்து அறையில் பாய் விரித்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேருக்குக் கூலி, பால், பிஸ்கட் என்று ஒரு சிறு செலவினம் போட்டிருந்தோம். அதனால்தான் அவர்கள் மாலை வரை இருந்தார்கள்.

பணம் எங்கே பலன் தந்தது என்று காட்ட ஒரு காட்சி போதும். பதாகை அச்சடிக்கும் கடையில், அதிராம்பட்டினம் முதல் தேவிபட்டினம் வரையான கடல் வரைபடத்தை மூன்று கல்யாண ஜமுக்காளம் அளவுக்குப் பெரிதாக அடித்து, மண்டபத் தரையில் விரித்திருந்தோம். மேடையில் யாருக்கும் நாற்காலி போடவில்லை. எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு வரைபடத்தின் மேலேயே உட்கார்ந்தார்கள். கையில் வண்ணப் பேனா. கடற்புல் இருக்கும் இடத்துக்குப் பச்சை, ஆவுளியாவைக் கண்ட இடத்துக்குச் சிவப்பு, வலையில் சிக்கிய இடத்துக்குக் கறுப்பு. முதல் அரைமணி நேரம் விசைப்படகுக்காரர்கள் ஒரு பக்கம், நாட்டுப்படகுக்காரர்கள் ஒரு பக்கம். பிறகு மணமேல்குடிக்காரர் ஒருவர் பச்சை வட்டம் போட்ட இடத்தில், "அங்கே தாழை அழிந்து பல வருடமாகிவிட்டது, இழுவை மடி உரசி உரசி வெறும் சேறுதான்" என்று ஜெகதாப்பட்டினத்து நாட்டுப்படகு மீனவர் சொல்ல, சூடு கிளம்பியது. தாழை என்று எங்கள் மீனவர்கள் சொல்வது கடற்புல்லைத்தான். இழுவலை போடும் விசைப்படகுக்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்றுதான் நான் பயந்தேன். போகவில்லை. அவர்களில் வயதான ஓட்டுநர் ஒருவர் முட்டி போட்டு நகர்ந்து வந்து, கரையிலிருந்து எத்தனை பாகம் (கடலின் ஆழத்தை மீனவர் அளக்கும் அளவு) ஆழத்தில் இன்னும் தாழை நிற்கிறது, எங்கே மடி இழுக்காமல் விலகிப் போகலாம் என்று கோடு போட்டுக் காட்டினார். அந்தக் கோட்டைப் பற்றித்தான் மறுநாள் முழுவதும் பேச்சு. கூலி கொடுத்து இரண்டு தரப்பையும் ஒரே நாளில் உட்கார வைக்காமல் இருந்திருந்தால் அந்தக் கோடு வரைபடத்தில் வந்திருக்காது.

அறிக்கை எழுதும் சுமை குறைவு. எதை நினைத்தோம், எது நடந்தது, எது நடக்கவில்லை, பணம் எப்படிச் செலவானது என்று கேட்கிறார்கள். மானியம் பெற்ற ஒவ்வொரு திட்டத்துக்கும் அவர்களுடைய இணையதளத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. இறுதி அறிக்கையையும் அங்கே யாரும் படிக்கலாம். விண்ணப்பிக்கும் முன் இந்தியாவில் நடந்த பழைய திட்டங்களின் அறிக்கைகளைப் படியுங்கள். எவ்வளவு பணத்தில் எவ்வளவு வேலை நடக்கும் என்ற கணக்கு பிடிபடும். தமிழில் ஒரு சுருக்க அறிக்கையும் வரைபடமும் அச்சிட நாங்கள் செலவுத் திட்டத்திலேயே இடம் வைத்தோம். பங்கெடுத்த ஒவ்வொரு ஊரின் மீனவர் கூடத்திலும் அது இப்போது ஒட்டியிருக்கிறது.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். குறைத்த ஒன்று ஆங்கிலத்துக்கும், தொகையின் அளவுக்கும். மூன்று மாவட்ட மீனவரையும் ஒருமுறை கூட்ட இது போதும். ஆனால் வரைந்த கோடு கடலில் மதிக்கப்படுகிறதா என்று அடுத்த தடைக்காலத்தில் திரும்பக் கூடிப் பார்க்க இந்தப் பணம் எட்டவில்லை.

எஃப்சிஆர்ஏ பங்காளி கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். உலகச் சுற்றுச்சூழல் வசதியின் சிறு மானியத் திட்டத்தை, ஜிஇஎஃப் எஸ்ஜிபி என்பார்கள், ஐநா வளர்ச்சித் திட்டம் 1992 முதல் நடத்துகிறது. ஐநா அமைப்புகளின் பணம் எஃப்சிஆர்ஏ சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. அது சமூக அமைப்புகளுக்கானது, திட்டம் வகுக்க மட்டும் சிறு தொகை வாங்கும் வழியும் அதில் உண்டு, பயிலரங்குக்கு அதுவே பொருந்தும். இந்தியாவில் முன்பு அகமதாபாத்தின் சுற்றுச்சூழல் கல்வி மையம் வழியாகவும் பிறகு டெரி என்ற ஆற்றல், வள ஆய்வு நிறுவனம் வழியாகவும் நடந்தது. ஆனால் இணைப் பங்களிப்பு காட்ட வேண்டும். ஊரார் தரும் உழைப்பு, படகு, இடம் ஆகியவற்றையும் பங்களிப்பாகக் கணக்கிடலாம் என்பதால் அது நம்மால் முடியாத காரியம் அல்ல. ஒரே ஓர் உயிரினத்தை மையமாக வைத்து வேலை செய்பவர்களுக்கு அபுதாபியின் முகமது பின் சயீத் உயிரினப் பாதுகாப்பு நிதி இருக்கிறது. 25,000 டாலர் வரை தருவார்கள். அதற்கு எஃப்சிஆர்ஏ தேவைப்படும்.

தடைக்காலத்தில் பயிலரங்கு நடத்த நினைக்கும் கடற்கரை நண்பர்களுக்குக் கடைசியாக ஒன்று. பரிசீலனை, பங்காளி அமைப்பின் ஒப்புதல், தில்லிக் கணக்கிலிருந்து பணம் இறங்குவது எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் ஆகும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். மண்டபத்துக்கும் அப்போதே முன்பணம் கொடுத்துவிடுங்கள். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் கல்யாண முகூர்த்தம் நெருக்கியடிக்கும், கூடம் கிடைக்காது.